தெரியாத விரல்

வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ் மில்லுக்குக் கேமரா மாட்டிக்கொண்டு ஏணியின் உச்சியில் நின்றிருந்தபோது தாமோதரன் சாரின் போன் வந்தது. ஏணிமேல் இருக்கையில் போனைத் தொடக் கூடாது என்பது என் வீட்டுக்காரி திலகாவின் உத்தரவு. மூன்றாவது தடவையும் அடித்ததால் எடுத்தேன்.

"வேதகிரி, உன் லாக்கு மறுபடியும் செத்துப்போச்சு. நைனா உள்ள மாட்டிக்கினு கீறாரு. அந்தப் பொம்பள வெளிய நின்னுக்கினு கீது. நான் மெட்ராஸ்லேர்ந்து வந்து சேர மூணு மணி நேரம் ஆவும். இன்னா பண்ணப் போற?"

கதவு ஒழுங்காகத் திறக்கிற நாளெல்லாம் அது அவருடைய லாக். பேட்டரி தீர்ந்தால் மட்டும் என்னுடையது. ஏணியை விட்டு இறங்கி, மில்காரரிடம் நாலு வார்த்தை வாங்கிக்கட்டிக்கொண்டு, வண்டியை எடுத்தேன்.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு கடை இருக்கிறது. கேமரா, இன்வெர்ட்டர், இரண்டு வருஷமாக விரல் வைத்தால் திறக்கிற பூட்டு. சாவியே வேண்டாம் என்று சொல்லித்தான் இதை விற்கிறோம். உண்மையில் அவசரத்துக்கு இரண்டு சாவி உண்டு. தாமோதரன் சார் அந்த இரண்டையும் மெட்ராஸுக்கு எடுத்துப்போய் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். அந்த பீரோவுக்கு விரல் கிடையாது, சாவிதான்.

பூட்டு இருப்பது திருப்புலிவனத்தில், அவருடைய அப்பாவின் வீட்டில். பெரியவருக்கு எண்பது வயசு. பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. தானாகக் கட்டிலை விட்டு இறங்க முடியாது. பேச்சும் போய்விட்டது, சத்தம் மட்டும் போகவில்லை. அந்தச் சத்தத்தில் எது சோறு, எது தண்ணீர், எது திட்டு என்று பிரித்துச் சொல்ல ஒரே ஒரு ஆளால்தான் முடியும். அது பிரிஸ்கில்லா அக்கா, அவரைப் பார்த்துக்கொள்கிறவர். காலை ஆறு மணிக்கும் மதியமும் சாயங்காலமும் வருவார். ராத்திரி எட்டு மணிக்கு டயப்பர் மாற்றிப் படுக்கவைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கிற தன் வீட்டுக்குப் போவார்.

நான் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதரை. அக்கா வாசலில் இல்லை. பக்கவாட்டு ஜன்னலண்டை நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பேசிக்கொண்டிருந்தார்.

"இதோ வந்துட்டாரு ஐயா, லாக்கு சார் வந்துட்டாரு. ஒரு நிமிசம். அழுவாத."

பூட்டின் அடியில் ஒரு சின்ன துளை இருக்கிறது. போன் சார்ஜ் பண்ணுகிற பவர் பேங்கை அதில் செருகினால் பூட்டு உயிர் பெறும். செருகி, மாட்டிய அன்று நான் போட்ட அட்மின் நம்பரை அடித்தேன். 'வெல்கம்' என்றது. அக்கா என்னை ஒரு தள்ளு தள்ளிவிட்டு உள்ளே ஓடினார். பெரியவர் போட்ட சத்தம் தெருவரை கேட்டது. எனக்கு அதில் ஒரு சொல்கூட விளங்கவில்லை, ஆனாலும் திட்டு எந்தப் பாஷையில் இருந்தாலும் திட்டுதான். பதிமூன்று மணி நேரம் ஈரத்தில் கிடந்த மனுஷன் வேறென்ன செய்வார்? எனக்கே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

இந்தப் பூட்டுக்கு நாலு பேட்டரி, நாலையும் மாற்றினேன். எட்டு மாதம் வரும் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருக்கிறது. ஆறு மாதம் வந்தால் நாங்கள் சந்தோஷப்படுவோம். இந்த வீட்டில் பத்து நாள், பன்னிரண்டு நாள். மார்கழிக் கடைசியில் மாட்டினேன். தை மாதம் முதல் புகார் வந்தது. மட்டமான பேட்டரி போட்டிருப்பார்கள் என்று நினைத்து, நானே நல்லதாக வாங்கிப்போய்ப் போட்டேன். மறுபடியும் தீர்ந்தது. பழைய வேங்கைக் கதவு, இரண்டு விரற்கடை கனம், தாழ்ப்பாள் நிலையில் உரசி மோட்டார் திணறுகிறதோ என்று நிலையில் இருக்கிற குழியை அரத்தால் ராவிவிட்டேன். மோட்டார் பூனை மாதிரி ஓடியது, பேட்டரி மட்டும் தீர்ந்தது. வைஃபை சிக்னல் பலவீனமாக இருந்தால் பூட்டு அதைத் தேடித் தேடியே பேட்டரியைத் தின்னும். ரௌட்டரை ஹாலுக்கு மாற்றினேன். வெயில் காரணமோ என்றால், தையில் ஏது வெயில்? கடைசியில் மீட்டரை வைத்து அளந்தேன். யாரும் தொடாமல் சும்மா இருக்கிற நேரத்தில் பூட்டு ஒன்றுமே குடிக்கவில்லை.

ஆக, நான் மாட்டியதில் குறை இல்லை. அது தெரிந்ததும் மெக்கானிக்குக்கு ஒரு சந்தோஷம் வரும். கேவலமான சந்தோஷம்தான், ஆனால் வரும்.

சும்மா இருக்கும்போது குடிக்கவில்லை என்றால், சும்மா இருக்க விடாமல் யாரோ தொடுகிறார்கள் என்று அர்த்தம். தாமோதரன் சாரின் போனில் அதற்கான பட்டியல் இருக்கும், அனுப்புங்கள் என்றேன். அந்த ஆப்பைத் தமிழில் வைத்திருக்கிறார். அவர் அனுப்பிய படத்தில் வரிசையாக இப்படி இருந்தது: காலை 6.02, தெரியாத விரல். 6.02, தெரியாத விரல். 6.03, தெரியாத விரல். ஐந்து தடவை தப்பினால் பூட்டு ஊளையிட்டுவிட்டு மூன்று நிமிஷம் முடங்கிக்கொள்ளும். பிறகு மறுபடியும் ஐந்து தெரியாத விரல். இப்படியே போய் 6.19க்கு, பயனர் 4. நாலாம் நம்பர் பிரிஸ்கில்லா அக்கா. மதியமும் சாயங்காலமும் இதே கூத்து. ஒரு நாளைக்கு அறுபது எழுபது தெரியாத விரல்.

பேட்டரி எங்கே போகிறது என்பது அத்தோடு தெரிந்துபோயிற்று. தப்பான விரல் வைக்கிற ஒவ்வொரு தடவையும் விளக்கு எரியும், பூட்டுக்குள்ளிருக்கிற அம்மா 'ப்ளீஸ் ட்ரை அகெய்ன்' என்பாள், வைஃபை முழித்துக்கொண்டு மெட்ராஸுக்குச் செய்தி அனுப்பும். எழுபது தடவை இதைச் செய்தால் எந்தப் பேட்டரி தாங்கும்? மிச்சம் இருந்தது ஒரே கேள்வி, அது யார் விரல்?

தாமோதரன் சாருக்கு அதிலும் சந்தேகம் இல்லை.

"இது யார் யாரையோ இட்டுக்கினு வருது வேதகிரி. ஒவ்வொருத்தனும் விரல வெச்சிப் பாக்கறான். தொறக்கலன்னா கடசில இது வெச்சித் தொறந்து வுடுது. இதுக்கு முந்தி இருந்தவ அண்டா குண்டாவெல்லாம் வாரிக்கினு போனா, தெரியும்ல? அதான் நம்பரே குடுக்கல. நம்பர்னா நாலு பேராண்ட சொல்லிடுவாங்க. விரலக் கழட்டி இன்னொருத்தன் கைல குடுக்க முடியாதே." அதைச் சொல்லும்போது அவருக்கே தன் மூளையை நினைத்துக் கொஞ்சம் பெருமை.

"கேமரா போட்டுடலாமா சார்?"

"போட்டோமே, மறந்துட்டியா? நைனா அதப் பாத்துக் கத்திக் கத்தி, எடுக்கற வரைக்கும் சோறே துன்னல. வுடு. ஒண்ணாந்தேதி ஏஜென்சிலேர்ந்து வேற ஆளு வருது. வந்தவொடனே இதோட விரல அழிச்சிடு. அந்தப் பக்கத்து ஆளுங்கள நம்பி வூட்ட வுட்டதே தப்பு."

எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். ஒன்றாந்தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

அக்காவின் மகள் இளவரசி காஞ்சிபுரத்தில் நர்ஸிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். மாதாமாதம் தவறாமல் வருகிற சம்பளம் அந்த வீட்டில் இது ஒன்றுதான். இந்த வேலை போனால் அந்தப் பெண்ணின் படிப்பும் நின்றுவிடும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதனால் நேராகக் கேட்டுவிடுவோம் என்று மறுநாள் போனேன்.

"யக்கா, கதவாண்ட வேற யாருனா வர்றாங்களா?"

"யாரும் வர்லியே சார்."

"நீ எத்தினி தபா விரல் வெக்கிற?"

"ஒரு தபா. எப்பனா ரெண்டு தபா."

முகத்தில் ஒன்றும் இல்லை, துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. பொய் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அக்காவுக்கும் தெரியும். எனக்குக் கோபம் வந்தால் கையிலிருக்கிற ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிடுவேன். அது ஒன்றுதான் எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம். வைத்துவிட்டு, எக்கேடோ கெட்டுப் போங்கள் என்று வந்துவிட்டேன். சார் சொல்வதுதான் சரியோ என்றும் வழியெல்லாம் நினைத்தேன். இப்போது சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நினைத்தேன்.

கடைக்கு வந்து தினசரி காலண்டர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பேட்டரி மாற்றிய தேதியெல்லாம் வாட்ஸப்பில் இருந்தது. ஒவ்வொன்றாகக் குறித்தேன். தையில் இரண்டு, மாசியில் ஒன்று, பங்குனியில் ஒன்று, சித்திரையில் இரண்டு, வைகாசியில் மூன்று, ஆனியில் இரண்டு. ஆடியில் ஒன்றுகூட இல்லை. முப்பத்தோரு நாளும் பூட்டு பேசாமல் இருந்திருக்கிறது. ஆவணி பிறந்து மூன்று வாரத்துக்குள் இரண்டு.

"ஆடி மாசம் பேட்டரி மட்டும் விரதம் இருந்துச்சா?" என்றாள் திலகா, டீயை வைத்துக்கொண்டே.

திருடன் ஆடி மாதம் பார்த்துத் திருடாமல் இருப்பானா? அது எனக்குப் பிடிபடவில்லை. அன்று அதோடு விட்டேன்.

இரண்டு நாள் கழித்து நல்ல முகூர்த்தம். உத்திரமேரூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் டைனிங் ஹால் கேமரா ஒன்று படுத்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். வயரைத் தொடர்ந்துகொண்டே சமையல்கட்டுக்குப் பின்னால் போனேன். அங்கே ஆள் உயரத்துக்கு அண்டாக்கள். அவற்றின் நடுவே முக்காலிப் பலகையில் பிரிஸ்கில்லா அக்கா உட்கார்ந்து, சாம்பார் அடிப்பிடித்த குண்டானைக் கம்பி நாரால் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வாளி நிறைய வெள்ளைப் பவுடர் கரைத்த தண்ணீர். மூக்கில் ஏறுகிற காரம். காலையில் பெரியவருக்குச் செய்துவிட்டு வந்து, மதியம் போய்ச் சோறு கொடுத்துவிட்டு மறுபடியும் இங்கே. முகூர்த்த நாளெல்லாம் இப்படித்தானாம், சமையல் மேஸ்திரி சொன்னார். அக்கா என்னைப் பார்க்கவில்லை. நான் அவர் கையைப் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் வெளுத்து, தோல் உரிந்து, ரேகையே தெரியாமல் பளபளவென்று இருந்தது.

ஆடியில் கல்யாணம் கிடையாது. மண்டபம் பூட்டிக் கிடக்கும். மார்கழியிலும் அப்படித்தான், நான் விரல் பதிவு செய்ததே மார்கழியில்தான். அட மடையா, என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். சத்தமாகத் திட்டிவிட்டேன் போல, மேஸ்திரி திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கே திருப்புலிவனம் போய், எதிர்வீட்டு வைக்கோல் போருக்குப் பக்கத்தில் வண்டியோடு நின்றேன். ஆறு மணிக்கு அக்கா வந்தார், தனியாக. விரலை முந்தானையில் துடைத்து வைத்தார். ப்ளீஸ் ட்ரை அகெய்ன். ஊதிவிட்டு வைத்தார். ப்ளீஸ் ட்ரை அகெய்ன். தலையில் தேய்த்து எண்ணெய் ஏற்றி வைத்தார். கட்டைவிரலை வைத்தார், இடது கையை வைத்தார். ஐந்தாவதுக்கு அது ஊளையிட்டது. உள்ளே பெரியவர் கத்தத் தொடங்கினார். அக்கா கதவில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்று, "இரு ஐயா, இரு ஐயா" என்று சொல்லிக்கொண்டே மூன்று நிமிஷம் காத்திருந்தார்.

இரண்டாவது சுற்று வரைக்கும்தான் என்னால் நிற்க முடிந்தது. குறுக்கே போய் நம்பர் அடித்துத் திறந்துவிட்டேன். அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் முதலில் உள்ளே போய்ப் பெரியவரைக் கவனித்துவிட்டுத்தான் என்னிடம் வந்தார்.

"ஏன்க்கா எங்கிட்ட சொல்லல? ஆறு மாசமா, ஏழு மாசமா இந்தக் கூத்தா?"

"இன்னான்னு சொல்றது சார்? நீங்கதான சொன்னீங்க, மாட்டுன அன்னிக்கு."

"நான் இன்னா சொன்னேன்?"

"'யக்கா, கதவு உன்னியத் தெரியலன்னுச்சின்னா, சார் மெட்ராஸ்லேர்ந்தே உன்ன வேலைய வுட்டுத் தூக்கிட்டாருன்னு அர்த்தம்'னு சொன்னீங்க. சிரிச்சிக்கினே சொன்னீங்க."

சொல்லியிருப்பேன். எல்லா வீட்டிலும் இந்த மாதிரி ஒன்று சொல்வேன். புருஷன்காரனிடம், 'சண்டை போட்டால் வீட்டம்மா உங்கள் விரலை அழித்துவிடுவார்கள்' என்பேன், சிரிப்பார்கள். இந்த வீட்டில் அதைக் கேட்டவர் வேலைக்காரி.

"அதான் சார், தெனம் காலில அது வாணான்னு சொல்லும்போது, ஐயயோ, சார் எடுத்துட்டாருன்னு நெனப்பேன். அப்பால எப்பிடியோ தொறக்கும். சரி, மனசு மாறிட்டாரு, மறுபடியும் சேத்துக்கினாருன்னு நெனச்சிக்குவேன். தெனம் மூணு வேள வேல போயி போயி வந்துக்கினு கீது. இத்த யாராண்ட போயி சொல்ல? ரேசன் கடையிலயும் என் கை வுழாது, எம்பொண்ணுதான் வந்து வெக்கிது. மிசினுக்கு என்னியப் புடிக்கல."

எனக்குச் சுருக்கென்றது. இதில் ஒளித்துச் சொல்ல ஒன்றுமில்லை, அழுகைதான் வந்தது. மூக்கைச் சிந்துகிற மாதிரித் திரும்பிக்கொண்டேன்.

பத்து விரலையும் வைத்துப் பார்த்தோம். கண்ணாடியைத் துடைத்து, விரலைத் துடைத்து, பக்கவாட்டில் சாய்த்து, எல்லாம் பண்ணினேன். எதுவும் புதிதாகப் பதியவில்லை. ரேகை இருந்தால்தானே பதியும். நாலு இலக்க நம்பர் ஒன்று கொடுத்துவிட்டால் முடிந்தது விஷயம். அதற்கு சாரைக் கேட்க வேண்டும். பெரியவரின் அறையில், கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றபடியே வீடியோ கால் போட்டேன். அக்கா பொங்கலைத் தட்டில் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன், காலண்டர் கணக்கு உட்பட. அக்காவின் கையைக் கேமராவுக்கு நேரே பிடித்துக் காட்டினேன். தாமோதரன் சார் போனைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். கெட்ட மனுஷன் இல்லை அவர், அதையும் சொல்ல வேண்டும்.

"பாவந்தான். நான் ஒண்ணு நெனச்சிட்டேன், சரி. ஆனா ஏஜென்சில சொல்லிட்டேனே வேதகிரி. இதுக்கு விரலு வேல செய்யாது, நம்பர் நான் யாருக்கும் குடுக்கறதில்ல. அப்பறம் இத வெச்சிக்கினு இன்னா பண்றது? ஒண்ணாந்தேதியோட கணக்க முடிச்சிடலாம். அந்தப் புதுப் பொண்ணுக்கு இருவது வயசாம், அதுக்கு ரேகைலாம் நல்லா பதியும்ல?"

நான் வாயைத் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து சத்தம் வந்தது. அக்கா தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னாக்கா சொல்றாரு?"

"ஒண்ணுமில்ல சார்."

பெரியவர் மறுபடியும் கத்தினார், இந்தத் தடவை இன்னும் பலமாக.

"என்னிய அனுப்பக் கூடாதுன்றாரு," என்றார் அக்கா, மெல்லிய குரலில்.

"ஆங், அது அப்பிடித்தான் சொல்லும்," என்றார் சார் போனிலிருந்து. "நைனா இன்னா பேசறாருன்னு எனக்கு இன்னா தெரியும், உனக்கு இன்னா தெரியும்? இது சொல்றதுதான. சோறு வேணும்னுகூடக் கேட்டிருப்பாரு."

உலகத்திலேயே அந்த மனுஷன் பேச்சைத் தெரிந்த ஒரே சாட்சி, குற்றம் சாட்டப்பட்டவர்தான். அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

பெரியவர் இடது கையால் கட்டில் சட்டத்தில் ஓங்கி அடித்தார். அப்புறம் அந்தக் கையை நீட்டி வாசல் கதவைக் காட்டினார். தன் மார்பில் தட்டிக்கொண்டார். மறுபடியும் கதவு, மறுபடியும் மார்பு. பிறகு கையை மேலே தூக்கி விரல்களை விரித்து மடக்கினார். இதற்கு மொழிபெயர்ப்பு யாரும் சொல்லத் தேவையில்லை.

"நம்பரா பெரியவரே? நீங்க நம்பர் வெக்கணுமா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

"டேய் வேதகிரி, அதெல்லாம் வாணா. நான்தான் வாணான்றேன்ல?"

என் கையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. கீழே வைத்தேன். "சார், வூட்டு வரி ரசீது யார் பேர்ல வருது?" என்றேன்.

வீடு, மனை, கொல்லை எல்லாமே பெரியவர் பேரில்தான் இருக்கிறது, ஊருக்கே தெரியும். பூட்டு மாட்டி எட்டு மாதமாகிறது, அவரிடம் யாரும் ஒரு நம்பர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

பெரியவர் என் கையிலிருந்த போனைக் காட்டி, அந்தப் பக்கம் திருப்பு என்று சைகை செய்தார். மெத்தை மேல் குப்புறக் கவிழ்த்து வைத்தேன். "அலோ, அலோ, இருட்டா கீது, இன்னா நடக்குது அங்க?" என்று மெத்தைக்குள்ளிருந்து சார் கேட்டுக்கொண்டே இருந்தார்.

பெரியவர் கையைத் தூக்கினார். அக்கா சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். ஏ.டி.எம்மில் முன்னால் இருக்கிறவர் நம்பர் அடிக்கும்போது நாம் திரும்பிக்கொள்வோம் இல்லையா, அந்த மாதிரி. பெரியவர் தூக்கிய கையை அப்படியே நிறுத்திவிட்டு ஒரு சத்தம் போட்டார். அக்கா அசையவில்லை. இன்னொரு சத்தம்.

"இன்னாக்கா?"

"என்னியத் திரும்பிப் பாக்கச் சொல்றாரு."

"பாரேன்."

"எனக்கெதுக்கு சார் அதெல்லாம்?"

பெரியவர் மூன்றாவது சத்தம் போட்டார். அதில் கோபம் இல்லை. அக்கா மெதுவாகத் திரும்பினார். பெரியவர் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, ஒவ்வொரு எண்ணாக, விரலை விரித்து, கொஞ்சம் நிறுத்தி, மடக்கி, நாலு எண் காட்டினார். காட்டிவிட்டு, புரிந்ததா என்பது போல் புருவத்தைத் தூக்கினார். அக்கா தலையாட்டினார். அந்த நாலு எண்ணை நான் இங்கே சொல்லப்போவதில்லை.

அட்மின் நம்பரை, பூட்டு வாங்கியவர்கள் முதல் நாளே மாற்றிவிட வேண்டும். யாரும் மாற்றுவதில்லை, இவரும் மாற்றவில்லை. அது என் தலையில் இருந்தது. கதவண்டை போய் அதை அடித்து, பெரியவர் சொன்னதைப் போட்டேன். அக்காவை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினேன். நாலு பீப் சத்தம். முதல் தடவையே திறந்தது. அக்கா வாசற்படியில் நின்று கதவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார், பிறகு உள்ளே வந்து தட்டை எடுத்துக்கொண்டார்.

போனை நிமிர்த்தினேன்.

"உங்க நைனா அவரு வூட்டுக்கு நம்பர் வெச்சிட்டாரு சார்."

"இன்னா நம்பரு?"

"அத அவரையே கேளுங்க."

திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். மெட்ராஸில் அவருக்குத் தெரிந்த நாலு வீட்டில் நான் கேமரா மாட்டியிருக்கிறேன், அத்தனையும் போனாலும் போகட்டும் என்றுதான் நின்றேன். அவர் திட்டவில்லை. போனைப் பெரியவர் பக்கம் பிடிக்கச் சொன்னார். அப்பாவும் பிள்ளையும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர் நீளமாக என்னவோ சொன்னார். பாதியில் மூச்சு வாங்கிக்கொண்டு மீதியையும் சொல்லி முடித்தார்.

சார் தொண்டையைச் செருமினார்.

"பிரிஸ்கில்லா," என்றார். அந்தப் பேரை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "நைனா இன்னாம்மா சொல்றாரு?"

அக்கா பெரியவரிடம் குனிந்து எதையோ கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

"ஒண்ணாந்தேதி யாரும் வர வாணாமாம். நாஷ்டா ஆறிப்போவுதாம், போன வெக்கச் சொல்றாரு."

"சரி," என்றார் தாமோதரன் சார். "சரின்னு சொல்லிடும்மா அவராண்ட."

பெரியவருக்குக் காது நன்றாகக் கேட்கும். ஆனாலும் அக்கா அவர் பக்கம் குனிந்து, "சரின்றாரு ஐயா" என்றார்.